“எல்லாம் ஒண்ணா இருக்கும் அக்கா”: மீன் தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். புதுச்சேரியில் ஒரு கடை, அவ்வளவுதான். அதே பேச்சை அதற்கப்புறம் வேறு இரண்டு கடைகளிலும் கேட்டுவிட்டதால் ஒருத்தரை மட்டும் மாட்டிவிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் நான் கொட்டிய பணமும், அதைவிட என் மகள் அழுத அழுகையும் இன்னொரு வீட்டுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் பாப்பாவுக்கு 9 வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு மீன் தொட்டிதான் வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் செடி இல்லாமல் நிஜச் செடி வைத்த தொட்டி வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. நாங்கள் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். இங்கேயே வாங்கியிருக்கலாம். பாண்டியில் நிறைய வகை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பசியும் வெயிலுமாகக் கடைக்குள் நுழைந்தபோது மதியம் ஒரு மணி. இதைச் சொல்வது ஏனென்றால் அந்த நேரத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தெம்பு இருக்காது. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருக்கும்.

கடைக்காரத் தம்பி நன்றாகப் பேசினார். 2 அடி டேங்க் ஒன்றைக் காட்டி, ஸ்டாண்டு, லைட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 6,200 என்றார். சரி என்றேன். அப்புறம் பாப்பா எந்த மீனைக் கை காட்டினாலும் “எடுத்துக்கலாம் பாப்பா” என்று வலையை உள்ளே விட்டுவிட்டார். நியான் டெட்ரா 10, டைகர் பார்ப் 4, ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஏஞ்சல் ஒரு ஜோடி, ரோஸும் நீலமுமாகக் கலர் விடோ இரண்டு ஜோடி, கண்ணாடியைச் சுத்தம் பண்ணுவதற்கு ஒரு கறுப்புச் சக்கர், ஒரு ‘கோல்டன் சக்கர்’. மொத்தம் 22 மீன்.

எனக்கே கொஞ்சம் உறுத்தியது. “தம்பி, இவ்வளவும் ஒண்ணா இருக்குமா, சண்டை போடாதா?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒண்ணா இருக்கும் அக்கா. இதோ பாருங்க, நம்ம டேங்க்லயே ஒண்ணாதான கெடக்கு?”

உண்மைதான், கிடந்தன. ஒரு பெரிய தொட்டியில் எல்லாம் கலந்து அமைதியாக நீந்திக்கொண்டிருந்தன. கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துவிட்டேன். கடைத் தொட்டி மீனுக்கு வீடு இல்லை என்பது அப்போது தெரியவில்லை. வியாழக்கிழமை பாலிதீன் பையில் வந்து இறங்கும் மீன் ஞாயிற்றுக்கிழமை விலைபோய்விடும். எல்லாமே குஞ்சு, பயணத்தில் அரண்டு போனவை, எதற்கும் ‘இது என் இடம்’ என்ற எண்ணம் வர நேரமே இல்லை. விடியற்காலை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு இவர்களை ஒரே வீட்டில் குடிவைக்கலாம் என்று முடிவு கட்டினால் எப்படியோ, நான் செய்தது அப்படி.

ஏஞ்சல், நியானைத் தின்னாதா என்றும் கேட்டேன், என் வீட்டுக்காரர் எங்கோ படித்ததாகச் சொன்னதால். “ரெண்டுமே அமேசான் மீன் அக்கா, ஒரே ஊரு” என்றார். அதுவும் பொய் இல்லை. மானும் புலியும்கூட ஒரே காடுதான்.

அவர் என்னிடம் கேட்காத கேள்விகளைத்தான் பின்னால் பல ராத்திரி நினைத்துப் பார்த்தேன். வீட்டில் என்ன தண்ணீர், போரா, முனிசிபாலிட்டியா? தொட்டியை எப்போது நிரப்பப் போகிறீர்கள்? மீன் வளர்த்துப் பழக்கம் உண்டா? ஒன்றும் கேட்கவில்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 9,350 என்று எழுதிக் கொடுத்தார், கடை பெயர்கூட இல்லாத சீட்டு. ஜிபேயில் அனுப்பியபோது வந்த பெயரும் கடை பெயர் இல்லை, வேறு யாரோ ஒருத்தர் பெயர். இதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே கல் போட்டு, செடி நட்டு, போர் தண்ணீர் ஊற்றி, அவர் கொடுத்த ‘பாக்டீரியா’ பாட்டிலில் இரண்டு மூடி விட்டு, 22 மீனையும் இறக்கியாயிற்று. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி ஆனது. நியான்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் செய்தேன். “புதுத் தொட்டின்னா அப்படித்தான் அக்கா, நீல மருந்து ஊத்துங்க, ஒரு கை கல்லுப்பு போடுங்க.” ஊற்றினேன், போட்டேன். பத்து நாளில் ஆறு நியான் போய்விட்டது. தொட்டி மூலையில் ஒட்டியிருக்கும் சிலிகான் நீலமாகி இன்றுவரை அப்படியே இருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டுத் தம்பி ஒருவர் பல வருஷமாக மாடியில் தொட்டிகள் வைத்திருக்கிறார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்க வேண்டும், வெட்கம். கடைசியில் போய்க் கூப்பிட்டு வந்தேன். அவர் தொட்டியைப் பார்த்ததும் முதலில் சொன்னது மீனைப் பற்றி இல்லை, செடியைப் பற்றி. “அக்கா, இதுல பாதி தண்ணிச் செடியே இல்ல.”

செடிக்கு 750 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அதில் ‘வாட்டர் பேம்பூ’ என்று கொடுத்தது வரவேற்பறை ஜாடிகளில் வைக்கிற லக்கி பேம்பூ. வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் பிழைக்கும், இலையோடு முழுக்க முக்கினால் சில வாரத்தில் மஞ்சளாகி அழுகும். ஊதா நிறத்தில் சுருக்கம் சுருக்கமான இலையோடு ஒன்று இருந்தது, அழகாக இருக்கிறதே என்று பாப்பா எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு என் அம்மா, “இது கொல்லையில மண்ணுல படர்ற செடியாச்சே, இதை ஏண்டி தண்ணிக்குள்ள போட்டு வெச்சிருக்க?” என்றார். அம்மாவுக்குத் தெரிந்தது கடைக்குத் தெரியாமலா இருக்கும்? அழுகுகிற இலை ஒரு பக்கம், மீன் கழிவு ஒரு பக்கம், எல்லாம் சேர்ந்து அம்மோனியா, மீனுக்கு அது விஷம். அந்தக் கழிவைத் தின்று மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் ஓடவிடுவதுதான் முறை என்று அந்தத் தம்பி சொன்னார். நீல மருந்தோ அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே கெடுக்கும், உப்பு நல்ல செடிகளையும் கருக்கும். அதாவது வியாதிக்குக் கொடுத்த மருந்தே அடுத்த வியாதி. ஒவ்வொரு தடவையும் செத்ததற்குப் பதிலாகப் புது மீன் யார் வாங்கப் போகிறார்கள், எங்கே வாங்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். எதிர் வீட்டுத் தம்பியின் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) எங்கள் போர் தண்ணீரில் முக்கியபோது 1,100 காட்டியது. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் இப்படித்தான், உப்பு ஏறிக் கடினமாக இருக்கும். நியான் கேட்பது கடினமில்லாத, லேசாகப் புளிப்புப் பக்கம் சாய்ந்த தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் அலட்டிக்கொள்ளாமல் வாழ்பவை மோலி, கப்பி, பிளாட்டி. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் கடைக்குப் பெரிய நஷ்டம் வந்திருக்காது, ஏனென்றால் அந்த மூன்றும் அவர்களிடமே இருந்தன. விலைதான் குறைவு.

சண்டைக்கு வருகிறேன். டைகர் பார்ப் கூட்டமாக எட்டு, பத்து இருந்தால் தங்களுக்குள்ளேயே விரட்டிக்கொண்டு திரியும். நாலே நாலு போட்டால் பொழுதுபோகாமல் அடுத்தவன் துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சலின் நீளமான துடுப்பு இரண்டே வாரத்தில் எலி கடித்த புடவைத் தலைப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் ராத்திரி லைட் போட்டுப் பார்த்தால், ‘கோல்டன் சக்கர்’ கண்ணாடியில் இல்லை, ஏஞ்சலின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மேல் இருக்கிற வழவழப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அது சக்கர் இனமே இல்லையாம், சைனீஸ் ஆல்கே ஈட்டர். சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும், வளர வளர முரடாகி அகலமான மீன்களைத் தேடிப் போய் ஒட்டும், 10 அங்குலம் வரை வளரும். ஒரு ஏஞ்சல் அந்தக் காயத்திலேயே போனது. மிச்சமிருந்த ஏஞ்சல் தேறி வளர்ந்தது, கார்த்திகை தீபத்துக்குள் மீதி நாலு நியானும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. பாப்பா கல்லுக்கு அடியில் எல்லாம் தேடினாள். நான் சொல்லவில்லை. அவளாகவே ஏஞ்சலின் வயிற்றைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

கலர் விடோ கதை வேறு. தை பிறப்பதற்குள் ரோஸ் மீன் வெளிர் ரோஸாகி, நீலம் சாம்பலாகி, “அம்மா, மீன் சாயம் போகுதும்மா” என்று பாப்பா ஓடி வந்தாள், புதுத் துணியை முதல் தண்ணீரில் நனைத்ததைச் சொல்வதுபோல. அவள் சொன்னதுதான் சரி. வெளுத்த நிறத்து விடோ மீனுக்கு ஊசி வழியாகவோ சாயத்தில் முக்கியோ நிறம் ஏற்றி விற்கிறார்கள், அதில் பிழைத்ததுதான் கடைக்கு வருகிறது. இது தெரிந்த பிறகு அந்த மீன்களைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. காசு போனதைவிட இதுதான் கோபம்.

கறுப்புச் சக்கர் மட்டும் நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக. ஏழு மாதத்தில் உள்ளங்கையைத் தாண்டிய நீளம். திரும்பும்போது வாலால் செடியைப் பெயர்த்துவிடும், ஓயாமல் கழிக்கும். 2 அடி தொட்டி என்பது கணக்குக்கு 54 லிட்டர், கல்லும் மண்ணும் போக 45 தேறலாம். அதில் ஒரு அடிக்கு மேல் வளரப் போகிற மீனை ‘கிளீனிங்குக்கு’ என்று கொடுத்திருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று போன் செய்தேன். வந்த பதில்: “பெருசானதை யாரும் வாங்க மாட்டாங்க அக்கா. பக்கத்துல கெடிலம் இருக்குல்ல, அதுல விட்டுடுங்க.”

தயவுசெய்து இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. மேலே தகடு தகடாக எலும்புக் கவசம், காற்றை விழுங்கியே சேற்றுத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும். இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டில் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது, வலை போடுகிறவர்களிடம் கேட்டால் வலை கிழிகிற கதையைச் சொல்வார்கள். எங்கள் சக்கரை எதிர் வீட்டுத் தம்பிக்குத் தெரிந்த ஒருவர், பெரிய தொட்டி வைத்திருப்பவர், வந்து வாளியில் எடுத்துப் போனார். ஏஞ்சலும் பார்ப்களும் ஆல்கே ஈட்டரும் அங்கேதான் போயின.

பணம் கேட்டீர்களா என்றால், கேட்டேன். செத்த மீனுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள், அது ஒருவகையில் நியாயம். செடிக்காவது கொடுங்கள், அது தண்ணீர்ச் செடியே இல்லையே என்றேன். “நீங்க எங்ககிட்ட வாங்கினதுக்கு பில் இருக்கா?” 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார், ஆனால் பெயர் இல்லாத துண்டுச் சீட்டையும் யாரோ ஒருத்தர் பெயரில் போன ஜிபேயையும் வைத்துக்கொண்டு நான் மல்லுக்கு நிற்கவில்லை. நீங்கள் முதலிலேயே கடை பெயர் அச்சடித்த பில் கேளுங்கள், அதில் மீன் வகையும் செடியின் பெயரும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது தொட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, மணல் போட்டு, ஐந்து வாரம் மீன் இல்லாமல் ஓடவிட்டோம். பாப்பா தினமும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம். செடி என்றால் வாலிஸ்நேரியா, நாடா நாடாக எழும்பி எங்கள் தண்ணீரிலேயே பிரமாதமாக வருகிறது. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மண்ணில் புதைக்காமல் கட்டையில் நூலால் கட்டி வைத்திருக்கிறோம், அதன் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். மீன் பிளாட்டி ஐந்து, எல்லாம் ஆண், இல்லாவிட்டால் மாதாமாதம் குட்டி. கூடவே செர்ரி பார்ப் எட்டு, இலங்கை ஓடைகளின் மீன், சாது, இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. அதற்காகப் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலக்கிறோம். சக்கர் கிடையாது. இரண்டு நத்தையும் வாரம் ஒரு தடவை என் கையும்தான் கண்ணாடியைத் துடைக்கின்றன.

போன மாதம் பாண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது அந்தக் கடை வழியாக வர வேண்டியிருந்தது. வாசலில் ஒரு சின்னப் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் அப்பா, பக்கத்தில் அம்மா. உள்ளே அதே குரல், “நம்ம டேங்க்லயே ஒண்ணாதான சார் கெடக்கு?” பாப்பா என் கையை விட்டுவிட்டு உள்ளே போய், “அங்கிள், உங்க டேங்க் எத்தனை அடி?” என்று அந்தப் பையனின் அப்பாவைக் கேட்டாள். ஒன்றரை அடி என்றார். “அப்ப ஏஞ்சல் வேணாம் அங்கிள், அது பெருசானதும் குட்டி மீனைத் தின்னுடும். எங்க வீட்ல தின்னுடுச்சு.” கடைக்காரத் தம்பி என்னை அடையாளம் கண்டுகொண்டு, “அக்கா, பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க, வியாபார நேரம்” என்றார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்வரை அவள் கேட்டது ஒன்றுதான், அந்த அங்கிள் கடைசியில் ஏஞ்சல் வாங்கினாரா இல்லையா என்று.