வயலின்களும் இறங்கும் பாஸும்: இரண்டு ராக் பாடல்கள்

ராக் இசைக்குள் மேற்கத்திய செவ்வியல் மரபு நுழைந்த இரு வழிகளை, அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்த இரு பாடல்களில் தெளிவாகக் கேட்கலாம். பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’ (1966) செவ்வியல் கருவிகளையே உள்ளே அழைத்துக்கொண்டது. புரோகோல் ஹாரமின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ (1967) ராக் குழுவின் கருவிகளை வைத்துக்கொண்டே செவ்வியல் ஹார்மனியின், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறையின், நடையைக் கடன் வாங்கியது.

முதல் பாடலில் கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. குரல்களுக்குத் துணையாக, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்துத் தந்த நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ மட்டுமே ஒலிக்கின்றன. கார்டுகளும் (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) பெரும்பாலும் இ மைனர், சி மேஜர் என்ற இரண்டுதான். ஆனால் தனிமையில் வாடுவோரைப் பற்றிய பல்லவியில், நரம்புக் கருவிகளுக்குள் ஒரு வரி டி, சி ஷார்ப், சி, பி என்று அரைச்சுரங்களாக இறங்குகிறது. ‘இ’யை ஆதார சட்ஜமாகக் கொண்டு கேட்டால், சதுச்ருதி தைவதமும் (சி ஷார்ப்) சுத்த தைவதமும் (சி) அடுத்தடுத்து வருவதை நம் காதும் உடனே கண்டுகொள்ளும், பாடலின் துயரம் முழுவதும் அந்த நகர்வில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது பாடலில், ஹேமண்ட் ஆர்கனின் மெட்டுக்கு அடியில் பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த சுர வரி, சி, பி, ஏ, ஜி, எஃப் என்று படிப்படியாக இறங்க, மேலே கார்டுகள் மாறிக்கொண்டே செல்கின்றன. செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) மெட்டை அப்படியே எடுக்காமலேயே அவரை நினைவூட்டும் இந்த நடைதான், என் மதிப்பில், ஆழமான கடன். ஆர்கனை நீக்கிவிட்டு ஒற்றைக் கிடாரில் வாசித்தாலும் அது அப்படியே நிற்கிறது.