ஐந்து சோளகம் கண்ட மரத்தரை ஓவியம்

பருத்தித்துறையில் எங்கள் அம்மம்மா வீட்டு மேல்மாடித் தளம் மரத்தால் ஆனது. பனை வளைகளுக்கு மேல் முதிரைப் பலகை பரப்பியிருக்கிறார்கள். 2020 ஆடியில் நானும் தங்கச்சியும் அந்தப் பலகைகளின் மேல் பரவைக்கடலை வரைந்தோம்: வடலிகள், கோரைப்புல், சுண்டிக்குளத்தில் பார்த்த பூநாரைகள். முதலில் தாமரைக்குளம் என்றுதான் இருந்தோம். “லட்சுமி இருக்கிற பூவை மிதிக்கிறதோ பிள்ளை?” என்று அம்மம்மா கேட்டதும் விட்டுவிட்டோம். வீட்டில் ஒருவருக்குக் கால் வைக்க மனம் வராத படத்தைத் தரையில் வரையவே கூடாது.

பழைய வாணிஸை, முரட்டில் தொடங்கி மென்மையானது வரை 80, 120, 220 என்று மூன்று சாண்ட்பேப்பரால் தேய்த்து எடுக்கவே எட்டு நாள் போனது. அப்புறம் பிரைமர், மெல்லியதாக இரண்டு தரம் அக்ரிலிக், மேலே படத்தைக் காக்கத் தண்ணீர் சார்ந்த பொலியூரித்தேன் நான்கு பூச்சு. கட்டிலையும் அலுமாரியையும் நான்கு கிழமை கழித்தே உள்ளே கொண்டுவந்தோம்.

நாங்கள் விட்ட பெரிய பிழை, பலகை இடுக்குகளைப் பட்டி என்கிற பசை வைத்து அடைத்தது. மாரியில் மரம் ஈரம் குடித்து அகலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். முதல் மாரியிலேயே பட்டி பிதுங்கி வெளியே வந்தது. பங்குனி வெய்யிலில் இடுக்குகள் திறந்தபோது, மூன்று பலகைக்குக் குறுக்கே வளைந்து போன பூநாரையின் கழுத்து மூன்று துண்டாகிவிட்டது. பலகையின் நீளவாக்கில் எழும்பிய வடலித் தண்டுகளுக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. அதற்குப் பிறகு பட்டியைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக நினைத்துத் திருத்தி வரைந்தேன். மரத்தின் போக்கிலேயே போகும் படம்தான் நிலைக்கும்.

படிக்கட்டுப் பக்கம் ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டு எண்ணெய் வாணிஸ் அடித்தேன். உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நாளாக நாளாக மஞ்சளாகும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் என் நீலக்கடல் அந்த மூலையில் பாசிப்பச்சையாகிவிட்டது. வெளிர்நிறத்துக்கும் நீலத்துக்கும் மேல் அதைப் பூசாதீர்கள். யன்னலோரம் வெய்யில் விழும் இடத்தில் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் வெளிறிப் போனது. காவியும் மஞ்சட்காவியும் வைத்த மண்திட்டு அதே வெய்யிலில் இன்றும் அப்படியே இருக்கிறது.

காலத்தையும் பார்த்துத் தொடங்குங்கள். ஆடியில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஈரப் பூச்சின் மேல் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். யன்னல்களைச் சாத்தி விடியப்புறத்தில் பூசியும், கையால் தடவினால் இன்றும் மணல் தட்டுப்படுகிறது. மாசி, பங்குனி நல்லது. மழையும் ஓய்ந்திருக்கும், சோளகமும் எழும்பியிருக்காது.

தண்ணீரை விட மணலே இந்தத் தரைக்குக் கூடாதது. காலில் ஒட்டி வருகிற மணல் ஒவ்வொரு அடியிலும் பூச்சை அராவும். படி ஏறுமிடத்தில் தும்புக் கால்மிதி போட்டு, கதிரைக் கால்களுக்குத் தடித்த துணி ஒட்டியதும் கீறல் வெகுவாகக் குறைந்தது. துடைக்கும் துணியை நன்றாகப் பிழிந்துதான் துடைக்கிறோம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் மழையில் ஓடு ஒழுகி, அங்கே போட்ட சாக்குக்குக் கீழே தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அந்த இடம் வெளுத்து, பூச்சு விளிம்பில் உரிந்து வந்தது. கூரை ஓடுகளையும் கறையானையும் பார்க்காமல் தூரிகையைத் தொட வேண்டாம் என்று இப்போது கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

2023 மாசியில் படிக்கட்டிலிருந்து யன்னல் வரை நாங்கள் நடக்கும் பாதை மங்கத் தொடங்கியது. தேய்மானம் படத்தைத் தொடுமுன் 220 சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்தேன், அரை நாள் வேலைதான். நிறம் தேயும் வரை விட்டிருந்தால் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்திருக்கும். வருகிற மாசியில் அடுத்த பூச்சு. யன்னலோரப் பூநாரைகளுக்குக் காவி கலந்த சிவப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.