லாங்கு பஜார் சந்தில் போர்டு எழுதுகிற கடை

வேலூரில் புதுசாகக் கடை போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பிளக்ஸ் அடிக்க ஓடுவதற்கு முன்னால் அரை நாள் பொறுங்கள். லாங்கு பஜாரில் மூட்டை இறக்குகிற வண்டிகளைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில், கையால் போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர் கிடையாது. கதவில் ‘போர்டு எழுதப்படும்’ என்று இரண்டே சொல். நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. அதைப் பார்த்ததுமே நிம்மதியாக இருந்தது. அதனால்தான் உள்ளே போனேன்.

நான் மெஸ் நடத்துகிறேன். ஐடா ஸ்கடர் சாலையிலிருந்து பொடிநடையாக வந்துவிடலாம். எங்களிடம் சாப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் எல்லை தாண்டி பங்களாதேஷிலிருந்தும் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கி, ஒரு மாதம், இரண்டு மாதம் லாட்ஜில் தங்குகிறவர்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே வருவார்கள். குழைய வடித்த சோறு, மிளகு ரசம், கஞ்சி, காரம் குறைத்த மீன் குழம்பு. எங்கள் சமையல் இவ்வளவுதான்.

இந்த மெஸ்ஸுக்கு நான் முதலில் மாட்டியிருந்த பிளக்ஸ் எப்படி இருந்தது தெரியுமா? ரத்தச் சிவப்பில் பின்னணி. அதன்மேல் மஞ்சளில் சாய்ந்த எழுத்து, எழுத்துக்குக் கறுப்பில் ஒரு நிழல், நிழலுக்கு வெள்ளையில் ஒரு அவுட்லைன். இரண்டு பக்கமும் நாங்கள் போடவே போடாத சிக்கன் லெக் பீஸ் படம். அடித்துக் கொடுத்த கடையில் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த டிசைனில் பெயரை மட்டும் மாற்றினார்கள். “இப்படி இருந்தாத்தான் கண்ணுல அடிக்கும்” என்றார்கள். அடித்தது. எங்கள் வாசலில் வந்து நின்று போர்டைப் பார்த்துவிட்டு, “இங்கே காரமாக இருக்கும்” என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே காரமே இல்லாத கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போதாததற்கு வேலூர் வெயில். சித்திரை, வைகாசி இரண்டு தாண்டுவதற்குள் போர்டில் இருந்த சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போயின. பிளக்ஸ் மையில் அவை இரண்டும்தான் முதலில் போகும், நீலமும் கறுப்பும் தங்கும். சாப்பாட்டுப் படம் நீலம் பூத்துப்போனால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? கெட்டுப்போன கறி மாதிரி இருந்தது. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

சந்துக் கடை அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நான் போனபோது தரையில் தகட்டைக் கிடத்தி நேர்கோடு விழ நூல் அடித்துக்கொண்டிருந்தார். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை, நின்றபடியேதான் பேசினோம். பெயர் என்ன, எத்தனை அடி, என்ன கலர், எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“உன் கடை முன்னாடி வந்து நிக்கறவன் எப்படிம்மா வரான்? சிரிச்சிக்கினு வரானா, அழுதுக்கினு வரானா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. “ரெண்டும் இல்லண்ணா, பயந்துக்கினு வராங்க” என்றேன்.

“அப்ப செவப்பு வாணாம். செவப்பு வந்து ‘நில்லு’ங்கும், இல்லாட்டி ‘ஓடு’ங்கும். ‘உக்காரு’ன்னு சொல்லாது.”

அப்படியானால் பச்சை போடலாமா என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு காரியம் செய்தார். சிவப்பு எனாமல் டப்பாவின் மூடியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, கண் கொட்டாமல் பார்க்கச் சொன்னார். அரை நிமிடம் கழித்து, பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். சுவரில் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது! சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துப்போனால் அதற்கு எதிர் நிறம் தானாகத் தோன்றும். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களுக்குப் பச்சையிலும் நீலப்பச்சையிலும் துணி வைத்திருப்பது இதனால்தான் என்றார். ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற கண் பச்சைத் துணியில் பட்டால் இளைப்பாறும், வெள்ளைத் துணியாக இருந்தால் அதில் பச்சைத் திட்டுகள் மிதந்து தொந்தரவு செய்யும். ஆஸ்பத்திரி ஊரிலேயே இத்தனை வருடம் இருந்தும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

“ஆனா முச்சூடும் பச்சையாப் போட்டா மருந்துக் கடைன்னு நெனச்சிக்குவாங்க. அந்தத் தெருவுல பச்சைக்கும் கூட்டல் குறிக்கும் பஞ்சமே இல்ல” என்று அவரே வழியும் சொன்னார். பின்னணிக்கு மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்த மாதிரி ஒரு வெளிர் நிறம். எழுத்து முற்றின வாழையிலைப் பச்சை. அடியில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. “அடுப்பு எரியுதுன்னு தெரியணும் இல்ல?” அந்தக் கோட்டுக்கு அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

எழுத்துதான் விஷயமே. எங்கள் போர்டில் பெரிய சொல் ‘சாப்பாடு’. அதில் ப, ட இரண்டும் மூலை எழுத்துகள். பழைய பிளக்ஸில் அந்த மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. இவர் சாக்பீஸில் வரையும்போதே ஒவ்வொரு மூலையையும் கட்டை விரல் அகலத்துக்கு வளைத்துவிட்டார். பிறகு பிரஷ்ஷை எடுத்தார். இடது கையில் துணி சுற்றிய ஒரு குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு, ‘ப’வை இடது தலையில் ஆரம்பித்துக் கீழே இறக்கி, மூலையில் பிரஷ்ஷை விரலுக்குள்ளேயே உருட்டித் திருப்பி, தரைக்கோட்டில் ஓட்டி, மறுபடி மேலே ஏற்றினார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன். ‘ப்’பின் புள்ளியை எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாக வைத்தார். கம்ப்யூட்டர் எழுத்தில் அது சதுரமாக இருந்தது. புள்ளி சதுரமானால் சொல் ஆணி அடித்த மாதிரி விறைத்து நிற்கும், உருண்டையானால் பரிமாறி வைத்த மாதிரி இருக்கும். இதை நானாகச் சொல்கிறேன், அவர் சொல்லவில்லை.

போர்டு 8 அடிக்கு 3 அடி. கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், வேற்று மொழி மூன்றும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. எல்லாக் கடைக்காரர்களும் இதைத் தொல்லையாக நினைப்பார்கள். இவர் 36 இன்ச்சில் மேலும் கீழும் 3 இன்ச் விட்டுவிட்டு, மீதி 30ஐ 15, 9, 6 என்று பிரித்து நூல் அடித்தார். வீட்டில் பெரியவர், நடுவில் இருப்பவர், சிறியவர் வரிசையாக உட்கார்ந்த மாதிரி போர்டுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஒரு இன்ச் உயர எழுத்து பத்தடிக்குத் தெளிவாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. ‘சாப்பாடு’ 11 இன்ச். எதிர்ச்சாரி முனையில் நின்று பார்த்தேன், சுத்தமாகத் தெரிந்தது.

கடைசி 6 இன்ச்சில் பெங்காலியில் ‘பாத்’, அதாவது சோறு. அண்ணனுக்கு அந்த மொழி தெரியாது. எங்களிடம் சாப்பிடுகிற ஒரு அம்மா பேப்பரில் எழுதித் தந்ததைப் பார்த்துத்தான் வரைந்தார். “இன்னாம்மா இது, நம்ம எழுத்து தரையில உக்காந்துக்கினு இருக்கு, இது கொடியில துணி காயப்போட்டாப்பல தொங்குது” என்றார். உண்மைதான். அந்த எழுத்துக்கு உயிர் தலைக்கோட்டில். அதனால் பெங்காலியை மட்டும் மேல் நூலை வைத்து எழுதினார். அந்த அம்மா போர்டு ஏறிய அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு, கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் குட்டையாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதார். வேற்றூரில் தன் எழுத்தை அவ்வளவு பெரிசாகப் பார்த்ததும் தாங்கவில்லை.

மீன் குழம்பும் உண்டு என்பதைக் காட்டப் பழுப்பு வட்டம் போடச் சொன்னேன். முக்கோணமாகப் போட்டார். உணவுப் பாக்கெட்டில் அசைவக் குறியை வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றி 2020 விதிகளில் கொண்டுவந்தார்களே, அது ஏன் என்று எனக்கு வீட்டிலேயே தெரியும். என் வீட்டுக்காரருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பிஸ்கட் பாக்கெட்டைக்கூட என்னிடம் நீட்டிக் கேட்பார். போர்டு முடிந்த அன்றைக்கு முக்கோணத்தைத் தொட்டுக்காட்டி, “இது எனக்குத் தெரியுது” என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். ‘காலை 6 மணி முதல்’ என்பதில் ‘லை’யைப் பழைய மாதிரி, யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்து எழுதச் சொன்னேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் என் அம்மா கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்; எனக்கு அந்த வளைவைப் பார்த்தால் அம்மாவின் கை நினைவுக்கு வரும். “எனக்கும் ஆசைதான்” என்று சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒன்று வரைந்து காட்டினார். அந்தத் துதிக்கை மேலேறிச் சுழன்று இறங்கியதே, அப்படி ஒரு அழகு! ஆனால் போர்டில் போட மறுத்துவிட்டார். நேரம் பார்க்கிற இடத்தில் எவனும் நின்று யோசிக்கக் கூடாதாம். அவர் சொன்னதுதான் சரி. பதிலாக, உள்சுவரில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ‘இலையை மூடி எழவும்’ என்று எழுதினார். அங்கே இருக்கிறது என் அம்மாவின் ‘லை’.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் தர மாட்டார். தகட்டை மாட்ட வந்த பையன் செங்கல் நிறக் கோட்டின் மேலேயே இரண்டு ஸ்க்ரூ அடித்துவிட்டான், அண்ணன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். தகடு, ஃபிரேம், இரண்டு கை எனாமல், எழுத்துக்கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். பிளக்ஸுக்கு நான் கொடுத்தது 1,900. வித்தியாசம் பெரிசுதான். எட்டு மாதம் ஆகிறது, ஒரு கோடைக்காலம் முழுக்க வெயில் தின்றும் பச்சை பச்சையாகவே இருக்கிறது.

போகிறவர்கள் பத்து மணிக்கு மேல் போங்கள். மொபைலில் வேறு கடைப் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. உங்கள் வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். சந்தில் வண்டி நுழையாது. போர்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பஜார் வரைக்கும் நடக்க வேண்டும். பெங்காலி எழுத்தின் வாலை நீட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் போர்டுகள் நிறைய வந்திருக்கிறதாம், அது முடியட்டும் என்றார். நாளைக்குக் காலையில் போய் ஞாபகப்படுத்த வேண்டும்.