மல்லாந்து படுக்க முடியாதவனின் நான்கு வருட பைபாப் அனுபவம்

முதலில் காட்டிக்கொடுத்தது தண்ணீர்தான். நீச்சல் குளத்தில் மார்பளவு இறங்கியதும் மூச்சு முட்டியது; கரையேறினால் ஒன்றுமில்லை. பிறகு குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது, அப்புறம் மல்லாந்து படுத்த மறு நிமிடமே. ஆஸ்துமாவாக இருக்கும் என்று கொடுத்த இன்ஹேலரை ஆறு மாதம் இழுத்துப் பார்த்தேன். பலனில்லை.

ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை உட்கார்ந்து ஊதியபோது 2.6 லிட்டர். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்றார்கள். வேறொரு டாக்டர் படுத்துக்கொண்டு ஊதச் சொன்னார். 1.5! படுத்தால் யாருக்கும் சற்றுக் குறையும்தான், ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அது பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. எனக்கு 40க்கு மேல். நுரையீரலுக்குக் கீழே இருந்து மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் இரண்டு பக்கமும் பலவீனம்.

நிமிர்ந்திருக்கும்போது குடலும் கல்லீரலும் தம் எடையால் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் விடுகின்றன. படுத்தால் அவை மார்புப் பக்கம் ஏறி அழுத்தும். நல்ல தசை அதை எதிர்த்துத் தள்ளிவிடும், என்னுடையது தள்ளாது. மூச்சை இழுக்கும்போது வயிறு உப்புவதற்குப் பதிலாக உள்ளே போகும். கனவு வரும் தூக்கத்தில் இன்னும் மோசம்: மூச்சுக்கு உதவும் கழுத்து, விலா எலும்புத் துணைத் தசைகள் தளர்ந்துவிட, மூச்சின் பாரம் முழுக்க உதரவிதானத்தின் தலையில். கரியமில வாயு தேங்கித்தான் காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறேன்.

பைபாப் என்பது மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் கருவி; மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும். இழுக்க 10, விட 4 என்று ஆரம்பித்தோம். பத்து நாளில் தலைவலி போனது. மாஸ்க் பழகத்தான் இரண்டு மாதம் ஆனது. மூக்குத்தண்டில் புண், வாய்வழியே கசிவு, குழாயில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம். கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்ததும் கடைசித் தொல்லை தீர்ந்தது.

இரண்டாம் வருடம் இழுக்கும்போது தரும் அழுத்தத்தை 18 வரை கூட்டினார்கள். காற்று வயிற்றுக்குள்ளும் போய் உப்பிக்கொண்டது. உப்பிய வயிறு மறுபடி உதரவிதானத்தைத்தான் மேலே தள்ளும். மூச்சுக்காகக் கூட்டியது மூச்சுக்கே வினையானது! டாக்டர் 16க்கு இறக்கிவிட்டு, தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தச் சொன்னார். நான் மூன்று தலையணைகளை அடுக்கினேன். கழுத்துதான் மடிந்தது, வயிறு நசுங்கியது. இடுப்பிலிருந்தே சாய்வாகத் தூக்கும் ஆப்புத் தலையணை வாங்கிய பிறகுதான் அந்த 16 போதுமானதாக இருந்தது. ஒருக்களித்துப் படுத்து ஒரு தலையணையைக் கட்டிக்கொள்வதும் எனக்கு ஒத்துவருகிறது.

இதை அப்படியே எல்லோரும் செய்யக் கூடாது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட நண்பர் ஒருவருக்கு நேர்மாறு: படுத்தால் நன்றாக மூச்சு விடுவார், உட்கார்ந்தால் திணறும். வயிற்றுத் தசைகள் செயலிழந்ததால் உட்காரும்போது வயிறு முன்னால் சரிய, உதரவிதானம் தட்டையாகி இழுக்கும் வலுவை இழக்கிறது. அதனால் சக்கர நாற்காலியில் ஏறுமுன் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டிக்கொள்வார். படுக்கும் விதத்தையோ அழுத்தத்தையோ மாற்றுமுன் டாக்டரைக் கேளுங்கள். எனக்கிருப்பது போன்ற பலவீனத்துக்கு ஆக்சிஜனை மட்டும் வைத்துக்கொள்வதும் ஆபத்து. ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகலாம்.

தசை தேறவில்லை. போன மாதம் படுத்து ஊதியபோதும் அதே 1.5தான். ஆனால் மாஸ்க் போட்டால் ஏழு மணி நேரம் தூங்குகிறேன். பல் டாக்டரிடம் மட்டும், நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன்.