சஞ்சார் சாத்தி செயலி: பேரன் குரலில் வரும் பொய் அழைப்பை இது தடுக்குமா?

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட சஞ்சார் சாத்தி செயலியை ஒரே ஒரு கேள்வியை வைத்து இங்கே அலசுகிறோம். சேலம் அம்மாப்பேட்டையில் தனியாக இருக்கும் அம்மாயிக்கு ஓர் அழைப்பு வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரனின் குரலேதான். "அம்மாயி, நாந்தான்... வண்டியில அடிபட்டுருச்சு, சீக்கிரம் பணம் போட்டு உடு" என்று அழுகிறது. இந்த இடத்தில் செயலி என்ன செய்யும்?

அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் செய்யாது. பேசுவது மனிதக் குரலா, ஏஐ குரலா என்று பார்க்கும் வசதி இதில் கிடையாது. ஆனால் அழைப்புக்கு முன்பும் பின்பும் இதற்கு உருப்படியான வேலை உண்டு. இடையில் இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை வீட்டுக்காரர்கள்தான் காக்க வேண்டும்.

பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே (செயலியை நேரடியாக நிறுவும்) கோப்பாக அனுப்பினால் தொடவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் பதிவு செய்யும்போது உங்கள் எண்ணிலிருந்து 14522-க்கு ஓர் எஸ்எம்எஸ் போகும். அழைப்புப் பட்டியல், படங்கள், கேமரா ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். புகாரில் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்க்கவும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ பார்கோடை ஸ்கேன் செய்யவும்தான் அது. எல்லாப் புதுப் போன்களிலும் இதை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் வந்த உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆக, கட்டாயம் இல்லை. அனுமதி கொடுக்கத் தயங்குபவர்கள் இதே பெயரில் உள்ள அரசு இணையதளத்தில் ஓடிபி போட்டு இதே வேலைகளை முடிக்கலாம்.

முதலில் திறக்க வேண்டியது, உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் பகுதி. தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம் இருக்கலாம். பட்டியலில் தெரியாத எண் இருந்தால் 'என் எண் அல்ல' என்று குறித்து அனுப்புங்கள். பெரியவர்களின் ஆதார் நகலைக் கடைக்குக் கடை கொடுத்திருப்போம். அதில் யாரோ வாங்கிய சிம் நாளை மோசடிக்குப் போனால் போலீஸ் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான். இந்தப் பகுதிக்காகவே செயலியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

அடுத்தது 'சக்‌ஷு'. சந்தேகமான அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் தகவல் ஆகியவற்றை இங்கே புகார் செய்யலாம். அரசு அதிகாரி போலவோ உறவினர் போலவோ நடித்தல் என்றே ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அழைப்பு வந்து 30 நாளுக்குள் இருக்க வேண்டும். தேதி, நேரம், நடந்ததைச் சுருக்கமாக நாலு வரி போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: பணம் போன பிறகு சக்‌ஷுவில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பணம் இழந்தவர்களுக்கான இடம் அது அல்ல. அதற்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண் இருக்கிறது.

இனி, செயலி எட்டாத இடம். குரலை நகலெடுக்க நீண்ட பதிவு தேவையில்லை. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிய வால்-ஈ என்ற குரல் உருவாக்கும் ஏஐ மாதிரிக்கு மூன்று விநாடி ஒலியே போதுமாக இருந்தது. இன்ஸ்டாகிராம் ரீல், கல்யாண வீடியோ, யூடியூப் பேச்சு என எதிலிருந்தும் அது கிடைக்கும். கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் ஓய்வுபெற்ற ஒருவரிடம், பழைய சக ஊழியரின் முகத்தை ஏஐ-யால் போலியாக்கி வாட்ஸ்அப் வீடியோ கால் செய்து 40,000 ரூபாய் பறித்தார்கள். அதனால் 'வீடியோவில் பார்த்தேனே' என்பதும் சாட்சி ஆகாது.

காதால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புவதும் ஆபத்து. போன் அழைப்பு குரலின் முழு ஒலியையும் கடத்துவதில்லை. செயற்கைக் குரலைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணிய பிசிறு வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடலாம். மிச்சத்தை அழுகையும் வண்டிச் சத்தமும் மூடிவிடும். பேரனின் குரல் இருபது விநாடிதான் பேசும். உடனே போன் 'இன்ஸ்பெக்டர்' அல்லது 'டாக்டர்' கைக்கு மாறும். நகல் குரலை வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம் என்பதால்தான் அந்த மாற்றம். வார்த்தைகளில் நம்ம ஊர்ப் பேச்சு இல்லாமல் எழுத்துத் தமிழோ சென்னைப் பேச்சோ அடித்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஊர்ப் பேச்சு சரியாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

வைத்தியம் ஒன்றுதான்: போனை வைத்துவிட்டு நாமே திரும்ப அழைப்பது. அதிலும் முறை உண்டு. வந்த அழைப்பின் மேல் தட்டி அழைக்கக் கூடாது. போனில் சேமித்திருக்கும் பேரன் பெயரைத் தேடி எடுத்து அழைக்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். நாம் அழைக்கும் அழைப்பு உண்மையான எண்ணுக்குத்தான் போகும்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கூரியர்க்காரர் என்று சொல்லி *21* எனத் தொடங்கும் எண்ணைப் பேரனை டயல் செய்ய வைத்திருந்தால், அவருக்குப் போகும் அழைப்பெல்லாம் மோசடிக்காரனுக்குத் திரும்பிவிடும். *#21# டயல் செய்தால் அழைப்பு வேறெங்காவது திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாவற்றையும் ரத்து செய்யும். வீட்டில் ஒவ்வொருவர் போனிலும் இப்போதே ஒரு தடவை பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டுவிடுங்கள். கணக்கே பறிபோனால் மோசடிக்காரன் பேரனின் படத்தோடும் எண்ணோடும் பேசுவான்.

ஏற்காட்டில் பிள்ளைகளை விடுதியில் விட்டிருக்கும் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் பஸ் ஏறும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். 'போன் போகவில்லை' என்ற பதற்றத்தில் பொய் அழைப்பு சுலபமாகப் பலித்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் மாற்று எண் இரண்டு வேண்டும்: பள்ளி அலுவலகத் தரைவழி எண், விடுதி வார்டன் எண். பேரனுக்கு என்றால் அறை நண்பர், அலுவலகம். தாளில் பெரிய எழுத்தில் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

விபத்து என்று சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு யாருடைய ஜிபே எண்ணுக்கும் முன்பணம் அனுப்ப வேண்டியதில்லை.

ரகசியச் சொல் வைப்பதும் நல்லதுதான், சரியாக வைத்தால். குலதெய்வம், ஊர், செல்லப்பெயர், நாய்க்குட்டி பெயர் எதுவும் கூடாது. எல்லாம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும். 'பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு என்ன ஆச்சு?' என்பது போல வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விடை தெரிந்த கேள்வி சிறந்தது. நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பெரியவர்கள் பதற்றத்தில் மறந்துவிட்டால் பரவாயில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்ப அழைத்தாலே போதும்.

இதையெல்லாம் மீறியும் ஏமாறலாம். அதற்காகப் பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐ வேண்டவே வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அதில் 5,000 ரூபாய்க்குள் வைத்து அதை மட்டும் யுபிஐ-யோடு இணையுங்கள். நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி ஈடுகட்டும் என்று நம்பி இருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையில், நம் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்புதான் வங்கியுடையது என்று இருந்தது.

பணம் போய்விட்டால் யாரையும் திட்டிக்கொண்டு நிற்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடக் கணக்கில் தாவுகிறது. எந்த வங்கியில் மிச்சம் நிற்கிறதோ அங்கே முடக்கி வைப்பதுதான் 1930-இன் வேலை. கையில் இருக்க வேண்டியவை: வங்கிப் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண் (பரிவர்த்தனை எண்). லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நேரில் போவதென்றால் அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் எல்லாம் சேலம் மாநகர சைபர் கிரைம் போலீஸ். ஏற்காடு, ஓமலூர், வாழப்பாடிக்காரர்கள் மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்குப் போக வேண்டும். அழைப்புப் பட்டியலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் அந்தப் போனையே எடுத்துப் போங்கள்.