சுங்குடிக் கடைக்காகப் பேசுவது யார்: ஏஜென்சியா, கடை ஆளா?

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் பக்கம், வாட்ஸ்அப் நான்கையும் மாதக் கட்டணம் பேசி விளம்பர ஏஜென்சியிடம் விடுவதா, கடையில் வேலை பார்க்கும் ஒருவரிடமே கொடுப்பதா? மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றி ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் சந்தித்தால் இப்போது பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. எங்கள் சுங்குடிக் கடையின் பக்கங்கள் (புள்ளி வைத்த மதுரைப் பருத்திச் சேலைதான் சுங்குடி) முதலில் ஏஜென்சியிடம் இருந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். இனியும் அப்படியேதான். ஆகவே என் தராசு நேராக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். படமும் வீடியோவும் ஏஜென்சி எடுத்தால்தான் அழகு. விளக்கு, மாடல், பின்னணி இசை என்று அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏஜென்சிக் கட்டணத்தில் விளம்பரத்துக்குக் கட்டும் பணம் சேராது என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரொட்டியும் நாளிதழ் விளம்பரமும் இந்தப் போட்டியில் இல்லை. காதுகுத்துக்கும் சுவரொட்டி ஒட்டுகிற ஊர் இது. 1942-இல் தினத்தந்தி பிறந்ததும் இங்கேதான். இரண்டுக்கும் இன்றும் பலன் உண்டு. ஆனால் அவற்றிடம் யாரும் திரும்பக் கேள்வி கேட்பதில்லை.

சமூக ஊடகத்தில் கேட்கிறார்கள். அதுவும் நாலு பேர் பார்க்கக் கேட்கிறார்கள். என் கணக்கில் முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான்: பதில் யார் சொல்வது, எதைத் தெரிந்துகொண்டு சொல்வது?

ஏஜென்சி காலத்தில் ஒரு வாடிக்கையாளர் எங்கள் பதிவின் கீழே படம் போட்டிருந்தார். முதல் சலவையிலேயே அரக்குச் சாயம் இறங்கி வெள்ளைப் புள்ளியெல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், இன்பாக்ஸில் தொடர்புகொள்ளவும்” என்று ஏஜென்சி பதில் போட்டது. அடுத்து விலை கேட்டவருக்கும் ஏறக்குறைய அதே வாசகம். அந்த ஏஜென்சிப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் ஓர் ஓட்டல், ஒரு பல் மருத்துவமனை, எங்கள் கடை எல்லாம் இருந்தன. சேலையைப் பற்றி எது கேட்டாலும் அவர் எங்களிடம்தான் கேட்டாக வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நாங்கள் கைப்பேசியைப் பார்க்க மாட்டோம். விளக்கம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படத்தின் கீழே வேறு யார் யாரோ தங்கள் பழைய கதைகளை எழுதிவிட்டார்கள்.

முன்பு நாளிதழில் ஒரு புகார் வந்தால் மறுப்புக் கடிதம் எழுத ஓர் இரவு கிடைக்கும். இப்போது புகாரும் பதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருடக்கணக்கில் கிடக்கின்றன. புகார் சொன்னவரைவிட, வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பதில் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதே மாதிரிப் புகார் பிறகும் வந்தது. இப்போது இந்த வேலையைப் பார்க்கும் எங்கள் கடைப் பெண் எழுதியது இது: “அக்கா, சேலையின் மறுபக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தச் சரக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.” படம் வந்ததும் அது கையால் முடிச்சிடாமல் மெழுகால் புள்ளி அச்சிட்ட சேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எந்தப் பட்டறைச் சரக்கு என்பதும் தெரிந்துவிட்டது. மாற்றித் தருவதாக அங்கேயே எல்லாரும் பார்க்க எழுதினார். முதல் சில சலவைகளைத் தனியாக, ஊறவைக்காமல் அலசி நிழலில் உலர்த்த வேண்டும் என்பதையும் கூடவே சேர்த்தார். அன்றே அந்தப் பட்டறைக்காரரிடமும் பேசினோம். கவுண்டரில் நின்று சேலையை விரித்துக் காட்டிய அனுபவம் இல்லாதவரால் இப்படி எழுத முடியாது.

பதிலில் இருக்கும் இந்த விஷய ஞானம் சட்டத்தையும் தொடுகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பெயர் இந்த ஊர்ச் சரக்குக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. கையால் முடிச்சிட்ட சேலையில் ஒரு புள்ளி போல மறுபுள்ளி இருக்காது. மெழுகு அச்சில் வரிசை பிசகாது. பழக்கமில்லாத கண்ணுக்குக் கைப்பேசிப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏஜென்சியில் எழுதுபவருக்குக் ‘கைமுடிச்சு’ என்பது காதுக்கு இனிய சொல். அச்சுச் சேலைக்கும் அதையே போட்டுவிடுவார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். எழுதியது ஏஜென்சி என்று சொல்லிக் கடைக்காரர் தப்பிக்க முடியாது, அந்த இணையப் பக்கத்தின் தலைப்பில் இருப்பது அவர் கடையின் பெயர்.

யூடியூப்காரர்களைக் கூப்பிட்டுக் கடையைச் சுற்றிக்காட்டச் சொல்வது மூன்றாவது வழி. கூட்டம் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பணமோ இலவசச் சேலையோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த வரியைப் போடத் தயங்குபவரை நாங்கள் கூப்பிடுவதில்லை. ‘ஐந்து நட்சத்திர மதிப்புரை’ என்று விலைப்பட்டியலில் தனி வரி வைத்திருக்கும் ஏஜென்சியையும் வாசலோடு அனுப்பிவிடலாம்.

யாரிடம் கொடுத்தாலும் சாவி நம் கையில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் கணக்கு கடையின் மின்னஞ்சலில், வாட்ஸ்அப் எண் கடைப் பெயரில் வாங்கிய சிம்மில், கூகுள் பக்கத்தின் முதன்மை உரிமை முதலாளி பெயரில். ஏஜென்சி தன் மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கியிருந்தால், பிரியும்போது பாகப்பிரிவினை மாதிரி இழுக்கும். கடை ஆளுக்கும் இதே விதிதான். அவரும் நாளை கல்யாணமாகித் திருப்பூர் போகலாம்.

கடை ஆளை வைப்பதிலும் சிக்கல் உண்டு. இரவு பதினோரு மணிக்குக் கேள்வி வரும். ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலையை அந்தப் பெண் தலையில் கட்டுவது நியாயமில்லை. இதற்காகத் தனித் தொகை கொடுக்கிறோம், மதியத்துக்குமேல் கவுண்டர் வேலை தருவதில்லை. இரவு ஒன்பதுக்குமேல் தானியங்கிப் பதில்தான் போகும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பு உண்டு. நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லும் வேலையும் அவருடையதாகிவிட்டது.

எங்களுக்கு ஒரே கடை. நான்கு ஊரில் கிளை வைத்த நகைக்கடைக்கு இந்தக் கணக்கு சரிவருமா என்பது சந்தேகம். மருத்துவமனை என்றால் நோயாளியின் அந்தரங்கம் குறுக்கே வரும். அங்கே பழகிய மக்கள் தொடர்பு ஆள் வேண்டியிருக்கும். நிருபர்கள் வாசலில் வந்து நிற்கும் அளவுக்கு ஒரு பிரச்சினை எங்களுக்கு வந்ததில்லை. வந்தால் எங்கள் பெண்ணைத் தனியாக முன்னால் நிறுத்த மாட்டேன். அன்றைக்கு ஏஜென்சியைத்தான் தேடுவேன்.

இப்போதைக்குத் தீபாவளிக்கு முன்பும் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பும் படப்பிடிப்புக்கு மட்டும் வெளியாட்களைக் கூப்பிடுகிறோம். அவர்கள் படம் எடுத்துக் கொடுப்பார்கள். கீழே எழுதும் வரி கடைக்குள்ளிருந்துதான் போகும்.