அழைப்பு மணி அடித்த பிறகு அடுப்பு எதற்கு? அமெரிக்கத் தெற்கத்தி ஸ்டார்ட்டர்களில் எது சுலபம்

ஜார்ஜியாவுக்குக் குடிவந்த பிறகு வீட்டில் வைத்த முதல் பார்ட்டியில் பச்சைத் தக்காளி பொரித்தேன். அமெரிக்காவின் தெற்கத்திச் சாப்பாடு என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். காய்த் தக்காளியை வில்லை போட்டு, உப்புத் தடவி, மோரில் தோய்த்து, சோள மாவில் புரட்டி எண்ணெயில் போட வேண்டும். பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். சட்டியில் ஒரு ஈட்டுக்கு ஆறு வில்லைதான் கொள்ளும். மூன்றாம் ஈடு வெந்துகொண்டிருக்கும்போதே முதல் ஈடு தட்டில் நமுத்துப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நின்றேன். கூடத்தில் எல்லோரும் பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே மனதில் ஒன்றைக் குறித்துக்கொண்டேன். மணி அடித்து முதல் விருந்தாளி உள்ளே வந்த பிறகு நான் அடுப்படிக்குப் போகக் கூடாது. சமைக்க மூன்று மணி நேரம் ஆகட்டும், முந்தின நாளே முடிந்துவிட்டால் அது சுலபம். பத்து நிமிடத்தில் ஆகிற பண்டமானாலும், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது செய்ய வேண்டியிருந்தால் அது கஷ்டம். பச்சைத் தக்காளி, சோள மாவு உருண்டையான ஹஷ் பப்பி, பொரித்த வெண்டைக்காய் மூன்றும் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடுகின்றன. வீட்டில் நாலு பேர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவை அருமை. பார்ட்டிக்கு வேண்டாம்.

மிச்சமிருக்கும் ஆறேழு பண்டங்களைத்தான் இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. நம் ஆட்கள் கூடும் இடத்தில் முட்டை சாப்பிடாதவர் இருப்பார், பன்றிக்கறி தொடாதவர் இருப்பார். ஸ்டார்ட்டர் தட்டைச் சுற்றி நிற்கும்போது ஒருவர் மட்டும் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதலில் பெரிய போட்டி: டெவில்டு எக்ஸா, பிமென்டோ சீஸா?

டெவில்டு எக்ஸ் தெரியாதவர்களுக்கு: அவித்த முட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸ், கடுகு விழுது, கொஞ்சம் வினிகர் சேர்த்து மசித்து, திரும்பவும் வெள்ளைக்கருக் குழியில் நிரப்பி, மேலே பப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) தூவுவார்கள். இதற்கென்றே முட்டை உட்காரும் குழிகள் வைத்த தட்டு தெற்கத்தி வீடுகளில் இருக்கும். பாட்டி தட்டு பேத்திக்குப் போகும் வீடுகளும் உண்டு. பேரில் பேய் இருந்தாலும் சங்கதி காரம்தான். காரசாரமாகச் செய்த பண்டத்தை டெவில்டு என்று சொல்வது 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலிருந்தே வரும் வழக்கம்.

இதில் உயிரை வாங்குவது தோல் உரிப்பதுதான். புது முட்டையில் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொண்டு குண்டும் குழியுமாகப் பிய்ந்து வரும். பாதியாக வெட்டித் தட்டில் அடுக்கும்போது அந்தக் காயம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் ஆன முட்டை நன்றாக உரியும். அதைவிட நல்ல வழி நம் வீட்டிலேயே இருக்கிறது: இட்லிப் பானை. தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு முட்டைகளைத் தட்டில் வைத்து மூடி, 12 நிமிடம் விட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குவதைவிட, எடுத்த எடுப்பிலேயே சூடு பட்டால் தோல் எளிதாகக் கழன்றுவிடும். 12 முட்டைக்கு 24 துண்டு. மசித்த கருவை ஜிப் பையில் போட்டு, ஒரு மூலையைக் கத்தரித்துப் பிழிந்தால் வேலை சீக்கிரம் ஆகும்.

முந்தின நாளே வெள்ளையைத் தனியாக, கலவையைத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிரப்புவது அன்றைக்குத்தான். நேரத்தோடு நிரப்பி வைத்தால் மேலே காய்ந்து ஆடை படியும், கீழே நீர் விடும். அப்புறம் வெயில் காலப் பிரச்சினை. முட்டை, மயோனைஸ், சீஸ் மாதிரிப் பண்டங்களை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடு இருந்தால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் விதி. ஜூலை மாதம் கொல்லைப்புறத்தில் பார்ட்டி என்றால் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான். நிஜத்தில் டெவில்டு எக்ஸ் தட்டு இருபது நிமிடத்தில் காலியாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் முதலில் தீர்வது அதுதான்.

பிமென்டோ சீஸுக்கு அடுப்பே வேண்டாம். புளிப்பேறிய ஷார்ப் செட்டர் சீஸ் 450 கிராம், மயோனைஸ் அரை கப், ஒரு சின்ன பாட்டில் பிமென்டோ (காரமில்லாத, சதைப்பற்றான சிவப்பு மிளகாய், தோலுரித்து பாட்டிலில் வரும்), ஒரு சிட்டிகை கையென் மிளகாய்த்தூள். சீஸை நாமே துருவ வேண்டும். கடையில் துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள். கலந்தால் மண் மாதிரி நரநரக்கும். பாதியைப் பொடித் துருவலாகவும் பாதியைப் பெருந்துருவலாகவும் துருவினால் வாயில் ஒரு பக்கம் கரையும், ஒரு பக்கம் கடிபடும். பிமென்டோவைத் தண்ணீர் வடித்து, காகிதத் துண்டில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். கரண்டியால் பிரட்டினால் போதும், மிக்ஸியில் அடிக்க வேண்டாம். ஒரு இரவு ஃபிரிட்ஜில் இருந்தால் ருசி கூடும்.

இதைத் தெற்கத்திக்காரர்கள் தங்கள் உயிர் மாதிரிச் சொந்தம் கொண்டாடுவார்கள். பிறந்த இடம் என்னவோ நியூயார்க் பக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே செய்யத் தொடங்கிய கிரீம் சீஸும், ஸ்பெயினிலிருந்து டப்பாவில் வந்த பிமென்டோவும் சேர்ந்து உண்டானது. அப்புறம் ஜார்ஜியாவின் கிரிஃபின் ஊர்ப் பக்கம் விவசாயிகள் அந்த மிளகாயைப் பயிரிட ஆரம்பித்தார்கள், டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வந்தன. விலை மலிந்து, வீட்டுக்கு வீடு நுழைந்து, பண்டம் தெற்கத்தியதாகவே ஆகிவிட்டது. அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் பச்சை உறை சுற்றிய பிமென்டோ சீஸ் சான்விச்சைப் பல வருடமாக ஒன்றரை டாலருக்கே விற்கிறார்கள். மயோனைஸில் ட்யூக்ஸ் தவிர வேறு தொட மாட்டேன் என்பவர்கள் இங்கே ஏராளம். தென் கரோலினாவின் கிரீன்வில் ஊரில் யூஜினியா ட்யூக் என்ற பெண்மணி 1917இல் ராணுவ முகாமின் சிப்பாய்களுக்கு சான்விச் செய்து விற்றதில் தொடங்கிய மயோனைஸ் அது. அதில் சர்க்கரை கிடையாது. அதனால் புளிப்பு துல்லியமாகத் தெரியும். பிமென்டோ சீஸுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்தும்கூட.

இரண்டில் எது? ருசியில் டெவில்டு எக்ஸுக்கு என் ஓட்டு. பார்ட்டிக்கு பிமென்டோ சீஸ். இரண்டு நாள் முன்னாலேயே செய்யலாம், அன்றைக்கு வேலை என்பது கிண்ணத்தை வெளியே எடுத்து வைத்து, பக்கத்தில் உப்பு பிஸ்கட்டும் செலரித் தண்டும் அடுக்குவதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: மயோனைஸில் முட்டை இருக்கிறது. முட்டை சாப்பிடாதவருக்கு, பார்ப்பதற்குச் சுத்த சைவமாகத் தெரியும் இந்தக் கிண்ணமும் ஆகாது. இந்தியக் கடைகளில் முட்டையில்லா மயோனைஸ் கிடைக்கிறது. அதில் செய்தாலும் நன்றாகவே வருகிறது. சீஸ் டப்பாவில் எந்த ரென்னெட் (பாலைத் திரிய வைக்கச் சேர்ப்பது) என்றும் பாருங்கள். விலங்கிலிருந்து எடுத்ததும் உண்டு.

விடாலியா வெங்காய டிப்பையும் இந்த வரிசையில் சிலர் சேர்ப்பார்கள். பொடியாக நறுக்கிய விடாலியா வெங்காயம், மயோனைஸ், ஸ்விஸ் சீஸ் மூன்றும் சம அளவு. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் பேக்கிங் அவனில் வைத்தால் தயார். கந்தகம் குறைந்த மண்ணில் விளைவதால் அந்த வெங்காயத்தில் காரம் இல்லாமல் இனிக்கும். 1986இல் ஜார்ஜியா சட்டமே போட்டு, குறிப்பிட்ட 20 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) விளைவதற்கு மட்டும்தான் அந்தப் பேர் என்று வைத்தது. சூடாக இருக்கும்போது இதற்கு ஈடு கிடையாது. ஆறினால் எண்ணெய் மிதக்கும். பிமென்டோ சீஸுக்குப் பின்னால்தான் நிற்கும்.

அடுத்த போட்டி அவித்த கடலைக்கும் டெக்சஸ் கேவியருக்கும். எனக்கு மனசுக்குப் பக்கத்தில் இருப்பவை இவை.

எங்கள் அம்மா இங்கே வந்திருந்தபோது, காரில் போகிற வழியில் கையால் எழுதிய பலகை ஒன்றைக் காட்டி, "அதென்னப்பா, கடலைப் படம் போட்டிருக்கு?" என்றார். வண்டியை நிறுத்தினேன். பெரிய அண்டாவில் தோலோடு கடலை உப்புத் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது. ஒரு பை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து நுனியை அழுத்தினார், உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது, உள்ளே ஊதா ஓடிய மெத்தென்ற பருப்பு. "நம்ம காட்டுல புடுங்கின கடலைய அவிச்ச மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீடு வந்து சேரும் வரை பேசவே இல்லை, உரித்துக்கொண்டே வந்தார்.

தென் கரோலினா 2006இல் இதைத் தன் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி ஆக்கியது. கடலைக்குத் தெற்கத்தியர் சொல்லும் கூபர் என்ற பேர் ஆப்பிரிக்காவின் காங்கோ பக்கத்து மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மக்களோடு வந்த சொல். கோடை முடியும் நேரத்தில் கிடைக்கும் பச்சைக் கடலைதான் சிறந்தது. ஒரு கிலோவுக்கு அரை கப் உப்பு போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேகட்டும். மற்ற நாட்களில் காய்ந்த கடலை வாங்கி (வறுத்தது கூடாது) ஒரு இரவு ஊறவைத்து, பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். அடுப்பை அணைத்ததும் வடிக்காதீர்கள். அந்தத் தண்ணீரிலேயே ஆறும்போதுதான் உப்பு உள்ளே இறங்கும்.

இதன் பெரிய பலம், ஸ்லோ குக்கரில் இளஞ்சூட்டில் வைத்துவிட்டால் பார்ட்டி முடியும் வரை அப்படியே இருக்கும். முட்டை இல்லை, பால் இல்லை. குறை, தோல் போட இன்னொரு கிண்ணம் வைக்க வேண்டும். கை நனையும், காகிதத் துண்டு நிறைய செலவாகும். கடலை அலர்ஜி யாருக்காவது இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். குழந்தைகள் வரும் வீட்டில் இதை நான் தவறாமல் கேட்பேன். ஒருவருக்கு இருந்தாலும் அன்றைக்குக் கடலை கிடையாது.

டெக்சஸ் கேவியர் என்பது காராமணி. மீன் முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நியூயார்க் மாநிலத்திலிருந்து டெக்சஸுக்கு வந்த சமையல் நிபுணர் ஹெலன் கார்பிட், 1940 வாக்கில் ஒரு புத்தாண்டுக்கு முந்தின இரவு ஹூஸ்டன் கன்ட்ரி கிளப்பில் காராமணியை எண்ணெயிலும் வினிகரிலும் ஊறவைத்துப் பரிமாறினார். அதிலிருந்து பரவியது. புத்தாண்டில் காராமணி சாப்பிட்டால் வருஷம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை தெற்கில் ஏற்கெனவே இருந்தது. காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இன்று பலர் மக்காச்சோளம், கறுப்பு பீன்ஸ், தக்காளி, அவகாடோ எல்லாம் சேர்க்கிறார்கள். எனக்கு அவ்வளவு கூட்டம் பிடிக்காது. இரண்டு டின் காராமணியை அலசி வடித்து, வெங்காயம், குடைமிளகாய், ஒரு ஹலப்பீன்யோ பச்சை மிளகாய், நசுக்கிய ஒரு பல் பூண்டு, கால் கப் எண்ணெய், கால் கப் வினிகர், உப்பு, மிளகு. ஒரு இரவு ஃபிரிட்ஜில். டார்ட்டியா சிப்ஸோடு (மக்காச்சோள மாவில் செய்த சிப்ஸ்) அள்ளிச் சாப்பிட வேண்டியது.

நம்மில் சிலர் இதைப் பார்த்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டத் துடிப்பார்கள். தாளித்தால் அது சுண்டல். சுண்டல் வேண்டுமென்றால் சுண்டலே செய்யலாம். வினிகரின் புளிப்போடு குளிர்ச்சியாகச் சாப்பிடும் ருசி வேறு.

உழைப்பு என்று பார்த்தால் டெக்சஸ் கேவியர்தான் சுலபம், பதினைந்து நிமிட வேலை. ஆனால் ஆட்கள் சுற்றி நின்று உரித்துக்கொண்டே பேசுவது கடலைக் கிண்ணத்தைச் சுற்றித்தான். யாருக்கும் அலர்ஜி இல்லையென்றால் கடலை. இருந்தால் கேவியர்.

சாசேஜ் பால்ஸும் சீஸ் ஸ்ட்ராவும் அவனில் வேகிறவை. முதலாவது, பன்றி சாசேஜ் கறி, செட்டர் துருவல், பிஸ்குவிக் (கடையில் விற்கும் தயார்க் கலவை) மாவு மூன்றையும் கையால் பிசைந்து உருட்டிச் சுடுவது. உருட்டியதை ஃபிரீசரில் வைத்து நேரே அவனில் போடலாம் என்பது நல்ல வசதி. கிறிஸ்துமஸ் காலையில் தெற்கத்தி வீடுகளில் இந்த மணம்தான் வரும். நம் கூட்டத்தில் பாதிப் பேர் தொட மாட்டார்கள். அதனால் நீளமாகப் பேச வேண்டாம்.

சீஸ் ஸ்ட்ராவைச் செய்ய குக்கி பிரஸ் என்று ஒரு கருவி விற்கிறார்கள். வாங்க வேண்டாம், முறுக்கு அச்சை எடுங்கள். செட்டர் துருவல் 225 கிராம், வெண்ணெய் 113 கிராம், மைதா ஒன்றரை கப், கையென் அரை டீஸ்பூன், உப்பு. துருவலும் வெண்ணெயும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிசைந்து, மாவைச் சேர்த்து உருட்டி, ஒற்றை நட்சத்திர வில்லை போட்ட அச்சில் அடைக்க வேண்டும். மாவு ஃபிரிட்ஜிலிருந்து வந்திருந்தால் அச்சு இறங்காது, மணிக்கட்டு வலிக்கும். ரொம்ப இளகியிருந்தால் முள் எழாது. சரியான பதத்தில் இருந்தால், பேக்கிங் தாளில் ஒரே கோடாக, ஓரமெல்லாம் முள் நிமிர்ந்து இறங்கும். விரல் நீளத்துக்கு வெட்டி, 350 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். ஓரம் பொன்னிறம் கண்டதும் எடுத்துவிட வேண்டும், சிவக்க விட்டால் சீஸ் கசக்கும். ஆறிய பிறகு டப்பாவில் போட்டால் ஒரு வாரத்துக்கு மொறுமொறுப்பு குறையாது. முட்டை இல்லை. வெளியில் வைத்தாலும் கெடாது. இங்கே போட்டியே இல்லை, சீஸ் ஸ்ட்ராதான்.

இருபது பேருக்கு இப்போது நான் செய்யும் ஏற்பாடு இது. புதன்கிழமை இரவு சீஸ் ஸ்ட்ரா, டப்பாவில். வியாழன் பிமென்டோ சீஸ், முட்டையில்லாத ஒரு சின்னக் கிண்ணம் தனியாகப் பேர் எழுதி. வெள்ளிக்கிழமை கடலையை ஊறப்போட்டு, சனிக்கிழமை காலை குக்கரில் ஏற்றி, மதியம் ஸ்லோ குக்கருக்கு மாற்றிவிடுவேன். மழைக்காலமோ, பத்துப் பேருக்குக் குறைவாகவோ இருந்தால் மட்டும் டெவில்டு எக்ஸும் சேரும். ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது கைகழுவி, சட்டை மாற்றி, நானே போய்க் கதவைத் திறப்பேன். மிஞ்சிய கடலையை அதே உப்புத் தண்ணீரோடு பையில் கட்டி ஃபிரீசரில் போட்டுவிட்டால், அடுத்த மாதம் அம்மா வரும்போது எடுத்துச் சுடவைத்துக் கொடுக்கலாம்.